ஆணி இல்லாத அரண்மனைகள்

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று காலை இவர் குளியலறைக்குள் நின்றபடி மலாக்கா சுல்தான்கள் எல்லாரையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "சோறு போடு", "சாவி எங்க", "வரேன்" — இந்த மூன்றை வைத்தே குடும்பம் நடத்திய மனிதர். இப்போது சுற்றுலா வழிகாட்டி. கழுத்தில் தொங்கும் அட்டையில் சிரிக்காத ஒரு படம். சுகுமாரன், வயது ஐம்பத்தாறு.

போன வருடம் வரைக்கும் டூரிஸ்ட் பஸ் ஓட்டினார். இருபத்தெட்டு வருடம். வேலையை விட்டதும் எல்லாரும் டாக்சி ஓட்டுவார் என்றார்கள். இவர் வழிகாட்டிப் படிப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வந்து நின்றார். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

படிப்பு முழுக்க மலாயில். பேச்சு மலாய் இவருக்குத் தண்ணி பட்ட பாடு. எழுத்துத் தமிழ்தான் தகராறு. ஆகவே தமிழில் வழிகாட்டுவதற்குக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. பகலில் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, சாயங்காலம் சுல்தான்களுக்குக் கிராணி. எட்டு மாதம்.

பிப்ரவரி 24, சனி

பாயா ரும்புட்டில் சின்னதாக டூர் ஆபீஸ் வைத்திருக்கும் நளினி போன் செய்தாள். முதல் குழு கிடைத்துவிட்டது. மூன்று நாள்: மலாக்கா, ஸ்ரீ மெனாந்தி, கோலகங்சார். அரண்மனைகள். தமிழில் சொல்ல ஆள் வேண்டுமாம்.

போனை வைத்தவர் முகம் வெளுத்திருந்தது.

"யாருங்க வர்றது?"

"மூவார்லேர்ந்து பதினாறு பேரு. எல்லாரும் ரிட்டயர் ஆன வாத்தியாருங்களாம்."

பாவம். பள்ளிக்கூடத்தில் இவர் பயந்து ஓடிய ஆட்கள் பதினாறு பேராகத் திரும்பி வருகிறார்கள்.

பஸ்ஸில் இடம் இருப்பதால் நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: "என்னைய தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. வேலைன்னா வேலையா இருக்கணும்." அப்படியே ஆகட்டும், சார்.

மார்ச் 8, வியாழன்

"அனைவரையும் வரவேற்கிறேன்" என்று பூனையிடம் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். பூனை எழுந்து போய்விட்டது.

மார்ச் 9, வெள்ளி

முதல் நாள் முடிந்தது. உயிரோடு இருக்கிறோம்.

பஸ்ஸில் மைக் வேலை செய்யவில்லை. டிரைவர் தங்கையா அண்ணன் இரண்டு தட்டு தட்டினார். அது கர் என்று ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிவிட்டது. அதனால் இவர் நாள் முழுக்கக் கத்தினார். சிவப்புக் கட்டடத்தில் கத்தினார், கோட்டை வாசலில் கத்தினார், குன்றடியில் இருக்கும் சுல்தான் அரண்மனையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பொம்மை மந்திரிகளுக்கும் சேர்த்துக் கத்தினார்.

எனக்குப் பதினேழாம் நம்பர் சீட். "மேடம், கொஞ்சம் முன்னால வாங்க" என்று இவர் என்னைக் கூப்பிட்டபோது சிரிப்பை அடக்கக் குடையை விரித்துக்கொண்டேன். உள்ளே, கூரைக்குக் கீழே.

குழுத் தலைவர் கந்தசாமி ஐயா, முன்னாள் தலைமையாசிரியர், எழுபத்திரண்டு வயது. கையில் நோட்டு. இவர் வருடத்தை மாற்றிச் சொன்னால் ஐயா நிமிர்ந்து பார்ப்பார். இவர் திருத்திக்கொண்டதும் குனிந்து எழுதுவார். இந்த அரண்மனை பழைய முறைப்படி ஆணி இல்லாமல் கட்டியது என்றதும் எழுதிக்கொண்டார். நாளைக்குப் பார்க்கப்போகும் ஸ்ரீ மெனாந்தி அரண்மனையும் ஆணி இல்லாமல் கட்டியதுதான் என்றார் இவர். ஐயா பேனாவை மூடிவிட்டார்.

"ஏன் தம்பி, அந்தக் காலத்துல நம்ம நாட்டுல ஆணியே விக்கலையா?"

பதினாறு பேரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நல்லவேளை.

ஒன்று சொல்லவேண்டும். எந்தக் கழிவறையில் தண்ணீர் வரும், எந்த மரத்தடியில் பதினொரு மணிக்கு நிழல் விழும், பஸ் எங்கே திரும்பும் — இதெல்லாம் இவருக்கு அத்துப்படி. முட்டி வலிக்காரர் நான்கு பேர் இருக்கும் குழுவில் இதற்குத்தான் மரியாதை. பவானேஸ்வரி டீச்சர் என் பக்கத்து சீட். "பையன் கெட்டிக்காரன்" என்று காதோரம் சொன்னார். ஐம்பத்தாறு வயதுப் பையன்.

சாயங்காலம் உம்பாய் கடற்கரையில் சுட்ட மீன். இவர் ஐஸ் போட்ட தேங்காய்த் தண்ணி மூன்று கிளாஸ் குடித்தார். "மேடம்" என்ற முறையில் என்னால் தடுக்க முடியவில்லை.

மார்ச் 10, சனி

போச்சு. குரல் போச்சு.

காலையில் வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. கண்ணில் அப்படி ஒரு பயம். துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்: "நளினிகிட்ட சொல்லாத."

ஸ்ரீ மெனாந்திக்கு வந்து சேர்ந்தோம். பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி அந்தக் கறுப்பு மர அரண்மனை முன்னால் நின்று இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார்.

எப்படி ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. "தொண்ணூற்று ஒன்பது தூண்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு நிற்கவில்லை. எட்டு மாதம் டைப் அடித்தது, குளியலறைக் கதவு வழியாகக் கேட்டது, எல்லாம் அப்படியே வரிசையாக வந்தது. தொண்ணூற்று ஒன்பது வீரர்களுக்காகத் தொண்ணூற்று ஒன்பது தூண். ஆணியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"நீங்க யாரும்மா?" என்று கந்தசாமி ஐயா கேட்டார்.

"இவரோட வீட்டுக்காரி, ஐயா."

"அப்ப நேத்து மேடம்?"

"அது நேத்து."

நான்கு மாடியும் ஏறி இறங்கினோம். இவர் அட்டையோடு என் பக்கத்திலேயே வந்தார். கடைசியில் கைதட்டினார்கள். பொய் எதற்கு, பிடித்திருந்தது. எஸ்டேட் ஆபீசில் இருபது வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன், ஒரு நாளும் யாரும் கைதட்டியதில்லை.

இரவு தங்கக் கோலாலம்பூர் வரும்போது பவானேஸ்வரி டீச்சர் என்னைக் காட்டி, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "சுகுமாரன், உங்க தொண்டை மெதுவா சரியாவட்டும் லா. ராகினி சொல்றதே நல்லா இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், சத்தமில்லாமல். பிறகு கழுத்து அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன்?

மார்ச் 11, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதிவிடவேண்டும்.

கோலகங்சாரில், இப்போது காட்சியகமாக இருக்கும் அந்த வெள்ளை மாளிகை வாசலில் இறங்கினோம். இவர் தாளை நீட்டினார். "நீ கூட்டிட்டு போ. நான் பஸ்கிட்ட இருக்கேன்." வாங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். பதினாறு பேர் வெயிலில் நிற்கிறார்கள். சரி என்று உள்ளே போனேன்.

முதல் கூடத்தில் நான்கு வாக்கியம் சொல்லியிருப்பேன். சீருடை போட்ட அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார், மலாயில். வழிகாட்டி யார்? நீங்களா? அட்டை எங்கே, அம்மா?

அட்டை பஸ் பக்கத்தில் ஒரு சட்டைப் பையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? உரிமம் இல்லாதவர் பேசக்கூடாது, யாருடைய குழு, பெயர் எழுதவேண்டும் என்றார். இவர் பெயரா? அச்சடித்து வந்து நாலு மாதம்கூட ஆகாத உரிமம். என் வாயால் போய்விடுமா? "இதோ கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில், சேலையில்.

பஸ் நிறுத்துமிடத்தில் தங்கையா அண்ணன் ரோட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இந்த இடத்துக்கு இவரு எத்தனை தடவ வந்திருக்காரு தெரியுமா?" தங்கையா அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார். "நாப்பது தடவ இருக்கும். நாங்க ரெண்டு பேரும் இந்த மரத்தடியிலதான் நிப்போம். டிரைவர்னா உள்ள போற வழக்கம் இல்லம்மா."

நாப்பது தடவ. எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியாது. "சும்மாதான்"னு சொன்னாரே. அதுக்கு மேல நான் கேட்டேனா? சுல்தான் பேரெல்லாம் மனப்பாடமா தெரியுது, இது தெரியல.

கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. "வெளிய நின்னது போதும். உள்ள வாங்க" என்றேன். துணியைப் பிடுங்கி அண்ணன் கையில் கொடுத்தேன். "உங்க பேர எழுதப்போறாங்க அங்க. அட்டைய எடுத்து மாட்டுங்க."

வந்தார். அதிகாரி அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். இந்தப் பெண் யார் என்று கேட்டார். இவர் தொண்டையைச் செருமினார். இரண்டு நாளாக வராத குரல், உடைந்த பலகை மாதிரி வந்தது.

"இஸ்திரி சாயா. சுவாரா சாயா."

என் மனைவி. என் குரல்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. உரிமம் யாருக்கோ அவர்தான் முன்னால் நின்று நடத்தவேண்டும், நீங்கள் அவர் சொல்வதை உரக்கச் சொல்லலாம், அவர் இல்லாமல் ஒரு வார்த்தை கூடாது என்றார். பெயர் எழுதவில்லை. நாங்கள் வெளியேறும்வரை எங்கள் பின்னாலேயே வந்தார்.

அப்படித்தான் நடந்தது. இவர் என் காதில் சொல்வார், நான் உரக்கச் சொல்வேன். முதலில் குறிப்பில் இருந்ததையே சொன்னார். படிக்கட்டு அருகே வந்ததும் நின்றுவிட்டார். மேலே விளக்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு என் காதில், "இத நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். குறிப்பில் இல்லாத வரி. சொல்வதா வேண்டாமா? எல்லாரும் காத்திருந்தார்கள்.

சொன்னேன். "நாப்பது தடவை பஸ் ஓட்டிக்கிட்டு இங்க வந்திருக்காராம். உள்ளே வர்றது இன்னைக்குத்தான் முதல் தடவையாம்."

சட்டென்று என் கையைப் பிடித்தார், அதைச் சொல்லச் சொல்லவில்லை என்கிற மாதிரி. சொல்லியாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பவானேஸ்வரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கந்தசாமி ஐயா நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வழிவிட்டார்.

"அப்ப நீங்க முதல்ல ஏறுங்க, தம்பி. நிதானமா பாருங்க. நாங்க பின்னால வர்றோம்."

இவர் ஏறினார். கைப்பிடியைத் தொட்டபடி, ஒவ்வொரு படியாக. பதினாறு வாத்தியார்களும் நானும் ஓர் அதிகாரியும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே போய்த் திரும்பினார். வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது.

"வாங்க, எல்லாரும் வாங்க" என்று உரக்கச் சொன்னேன்.

மார்ச் 12, திங்கள்

வேலைக்குப் போனேன். சம்பளக் கணக்கில் இரண்டு தப்பு.

இவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து நாள் பேசக்கூடாதாம். பழக்கமானதுதான்.

மார்ச் 28, புதன்

குரல் வந்துவிட்டது. முதலில் கேட்ட கேள்வி: "அன்னைக்கு ஏன் அதப் போய் சொன்ன?"

"தப்பா?"

காப்பியைக் கலக்கினார். "இல்ல" என்றார். பிறகு, "டீச்சர் சொன்னது சரிதான். நீ சொன்னா நல்லா இருக்கு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு" என்றார். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு நீளமான ஒப்புதல் வாக்குமூலம் இதுதான். நானும் கைதட்டல் பிடித்திருந்ததைச் சொன்னேன். "தெரியும். மூஞ்சியிலயே தெரிஞ்சது" என்றார்.

மே 6, ஞாயிறு

நளினி வந்திருந்தாள். மூவார்க்காரர்கள் இன்னொரு குழுவை அனுப்புகிறார்களாம், இரண்டு பேரும் வந்தால்தான் என்று கந்தசாமி ஐயா எழுதியிருக்கிறாராம். "அக்கா, அட்டை இல்லாம இனிமே நான் உங்கள அனுப்ப மாட்டேன்" என்றாள். நான் சிரித்துப் பேச்சை மாற்றினேன். அவள் போன பிறகு பார்த்தால், மேசையில் படிப்புக்கான மனு. என் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது, இவர் கையெழுத்தில். தமிழில். இரண்டு எழுத்துப் பிழை.

செப்டம்பர் 1, சனி

நாலாவது வகுப்பு. அரை நாள் நின்றுகொண்டே பேசவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இவர் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு, சுற்றுப்பயணி மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் மலாக்கா அரண்மனையை ஆரம்பித்தேன். நடுவில் கையைத் தூக்கினார்.

"மேடம், இந்த சுல்தானுக்கு சமையல்கட்டு எங்க இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பாடத்திலும் இல்லை. "நீங்களே சொல்லுங்க" என்றேன். இவருக்கும் தெரியாதாம், அதனால்தான் கேட்டாராம்.

மேசை முழுக்கப் புத்தகத்தை விரித்து வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். உள்ளே இவர் சோறு வடிக்கிறார். கஞ்சியை எதில் ஊற்றுவது என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். இருங்க, இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வரேன்.