முட்டை போடாத கேக்

திருப்பதி, ஞாயிறு இரவு

போன வாரம் பக்கத்து வீட்டு மாமிக்குக் கேக் கொடுத்தேன். கோயில் கைங்கரியக் குடும்பம் என்பதால் முட்டை போடவில்லை. புது டின்னில்தான் சுட்டேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் முழுக் கேக்கும் அவருடைய பேத்திகள் கையில் இருந்தது. மாமி வாயில் வைக்கவில்லை.

"வெளிய செஞ்சத அவங்க துன்ன மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கினே ஏன் குடுக்கற? முட்டை போடலன்னா ஆயிடுச்சா?" என்றார் என் வீட்டுக்காரர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்று மாமி டப்பாவைத் திருப்பித் தந்தார். வெறுமையாகத் தரக் கூடாதென்று கொஞ்சம் கற்கண்டு போட்டிருந்தார். தந்துவிட்டும் போகாமல் நின்றார்.

"என்ன வாசனைடீ அது! ஆனா எங்காத்து அடுப்புல பண்ணினாத்தான் நான் சாப்பிடலாம்."

"தெரியும் மாமி, பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல? நாளைக்குக் குளிச்சுட்டு வா. குக்கர்லயே வருமாமே? நீ பண்ணு, நான் சாப்பிடறேன்."

தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.