ஒரே ஒரு லேபிள்

3-9-2000, ஞாயிறு

நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் இன்று இடைசெவல் போனேன். போன வருசம் எல்லையில் உயிரை விட்ட கருத்தப்பாண்டியின் படத்தை நம் தீப்பெட்டிக்கு லேபிளாகப் போடலாம் என்பது என் யோசனை. அச்சகத்தில் மாதிரிக்கு ஒன்று அடித்து வாங்கியிருந்தேன். பட்டாளத் தொப்பியோடு அழகாகவே வந்திருந்தது.

அவன் மனைவி செல்வி நம் தீப்பெட்டி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே லேபிள் ஒட்டித் தருகிறவள். பசைச் சட்டியை ஒதுக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தெனமும் இவிய படத்த நானே எப்படி ஒட்டுவேன்? தீந்துபோனா ரோட்டுலதான வீசுதாவ?"

இதுகூடத் தோன்றாத மடையன் நான். லேபிளைத் திரும்ப வாங்கிக் கிழிக்கப் போனேன்.

"கிழிச்சிராதீங்க!" என்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "பீடி குடிக்கக் கூடாதுன்னு இவியளோட எத்தன சண்ட போட்டிருக்கேன். இப்ப தீப்பெட்டி மேலயே ஏறி நிக்கப் பாக்காவ!"

அந்தத் தந்தி வந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

பழைய கிளிப் படமே இருக்கட்டும். நாளை அச்சகத்தில் சொல்லிவிட வேண்டும். யோசனை பலிக்காவிட்டாலும் மனசு லேசாகத்தான் இருக்கிறது.

நான் கிளம்பும் முன்பே செல்வி அந்த ஒரு லேபிளை அவனுடைய டிரங்குப் பெட்டியின் மூடியில் ஒட்டினாள். கோணல் இல்லை, சுருக்கம் இல்லை. வேலையில் பெட்டிக்குப் பெட்டி பறக்கிற கை, ஒட்டி முடித்த பிறகும் அதன் மேலேயே இருந்தது.