பஞ்சு வைக்க மறந்த கேப்ஸ்யூல்

ஜூலை 7, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. நிக்டியில் பஸ் வரவில்லை. தொப்பலாக நனைந்து ஆய்வகம். திரவ ஹீலியம் வந்துவிட்டது. மூன்று அளவீட்டு ஓட்டத்துக்குத்தான் வரும்.

செய்தது: ஹோல்மியம்-நிக்கல் சேர்மத்தை அரைத்தேன். பொடியை மருந்துக் கேப்ஸ்யூலில் அடைத்து, கேப்ஸ்யூலை ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவில் செருகினேன். அத்தனை பெரிய கருவிக்குள் போவது ஸ்ட்ரா. அம்மா இன்னும் நம்பவில்லை. பொடியை அடைக்கும் நடுவில் அவள்தான் போன் செய்தாள்.

மைனஸ் 268 டிகிரி. காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே போனால், பாதியில் காந்தமாக்கம் சட்டென்று ஒரு குதி. அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திசை திரும்பி, கட்சி மாறியிருக்கின்றன. இந்தச் சேர்மத்தில் யாரும் பார்க்காதது. குளிர்ந்துவிட்டால் இந்த ஹோல்மியத்திடம் இரும்பு தோற்றுப்போகும். சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

ஜூலை 8, செவ்வாய்
கைடு சார் வராந்தாவில் போனில்: "எங்க பொண்ணு ஒண்ணு புடிச்சிருக்கா சார், புது ட்ரான்சிஷன்." காதில் விழாத மாதிரி நடந்தேன். மாநாட்டுப் பேச்சுக்கான சுருக்கம் அனுப்பியாயிற்று. வெள்ளி மாலை வரை திருத்தலாம். நான்கு வருடத்தில் முதல் மேடை. குடை வாங்கணும்.

ஜூலை 9, புதன்
செல்வி கருவியை இயக்குபவள். கசார்வாடியில் மராத்தி பேசி வளர்ந்தவள். தமிழ் தடுக்கும், கண் தடுக்காது. திங்கள் மாலையே, குளிர் வீணாகக்கூடாது என்று, அதே கேப்ஸ்யூலை எடுக்காமல் இன்னொரு முறை ஓட்டியிருக்கிறாள். இன்றுதான் காட்டினாள். இரண்டாம் முறை குதியே இல்லை.

"மேடம், பவுடர் டீலா இருந்துச்சா? உள்ளயே திரும்பிடுச்சோ?"

"அதெல்லாம் இல்ல" என்றேன். எரிச்சல். பொடி தளர்ந்திருக்குமாம், என்னிடமே சொல்கிறாள்.

பிறகு நோட்டைப் புரட்டினேன். பொடி ஆடாமல் இருக்க மேலே பஞ்சு வைத்து அடைப்போம், ஒவ்வொரு முறையும் குறித்துவைப்பேன். திங்கள் பக்கத்தில் பஞ்சு இல்லை. அம்மாவின் போனில் மறந்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்
மீதி ஒரே ஓட்டம். கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தியைச் செல்வி உருக்கிப் பொடியின் மேல் ஊற்றினாள். பொடி இனி அசையாது.

குதி இல்லை. வழுவழுவென்று ஒரு கோடு.

"சாரி மேடம்."

அவள் எதற்கு சாரி சொல்லணும்? அழுகை வந்தது, அடக்கவில்லை. அழுதுகொண்டே யோசித்தேன்: ஒரு துகளுக்குள் இருக்கும் அணுக்கள் சேர்ந்து இழுத்து, துகளையே புரட்டிப் போட்டிருக்கின்றன. கட்சி மாறவில்லை. இருந்த வீட்டையே திருப்பி வைத்துவிட்டன. முதல் முறையே திரும்பிவிட்டதால்தான் இரண்டாம் முறை குதி இல்லை. என் பேச்சு போனாலும் இதை வியக்காமல் இருக்க முடியவில்லை. செல்வியையும்தான். நானாக இருந்தால் இரண்டாம் முறை ஓட்டியிருக்கவே மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
மழை விட்டது. சாரிடம் சொன்னேன். "வித்ட்ரா பண்ணிடும்மா. தப்ப யாரு புடிச்சா?"

"செல்வி, சார்."

"ம்."

நாலரைக்கு சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன்.

ஐந்து மணிக்குச் செல்வி ஒரு பஞ்சுப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தாள். மெடிக்கலில் வாங்கியது.

"உங்க டாக் போச்சா மேடம்?"

"போச்சு."

"அடுத்த ஹீலியம் வரட்டும். நான் அடைக்கிறேன். நீங்க ஸ்டூல்ல உக்காந்து பாருங்க. போன் மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

கொடுத்துவிடுவேன்.