தண்ணிக்குள்ள வைச்சுப் பார்

இன்று காலை வாய்க்காலில் இருந்து எடுத்த பாசியின் வாடை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. இந்த வாடை வந்தால் எனக்கு உன் நினைவு வருகிறது. நீ இருந்திருந்தால், "என்னை நினைக்க உனக்கு வேற நல்ல மணம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டிருப்பாய்.

நாம் சினேகிதிகளானதே சந்தேகத்தால்தானே. அகதி முகாமில் பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்களில், உன் பிளாஸ்ரிக் கானின் வெளிப்பக்கத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தாய். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் என் கானின் மூடியில் நூல் கட்டி வைத்திருந்தேன். ஒருத்தியின் கள்ள வேலையை மற்றவள் கண்டுபிடித்த அன்றுதான் இருவரும் முதன்முதலாகச் சிரித்தோம். "சும்மா தாற ஆளை ஒருநாளும் நம்பாதை" என்று எனக்குப் புத்தியும் சொன்னாய்.

ஊர் திரும்பியபோது குளத்துக்குக் கீழே நம் வயல்கள் அடுத்தடுத்து வாய்த்தன. வாய்க்காலில் என்னுடையதுதான் கடைசி, உன்னுடையது அதற்கு முதல். மழையில்லாத சிறுபோகத்தில் குளம் வற்ற வற்ற முறைத் தண்ணீர் தொடங்கிவிடும். உனக்கு மூன்று நாள், எனக்கு மூன்று நாள். உன் முறையில் வாய்க்காலுக்குக் குறுக்கே பலகையை இறக்குவாய், தண்ணீர் உன் வயலுக்குத் திரும்பும். என் முறையில் பலகையைத் தூக்கிவிட்டு உன் வயலுக்குத் தண்ணீர் புகும் வாயை மண்ணால் அடைப்பாய். இரண்டையும் செய்கிறவள் நீ என்பதுதான் என் மனதை அரித்தது.

என் நாட்களில் தண்ணீர் மெலிந்து வந்தது. குளத்திலேயே இல்லை என்றாய். நீ வாயை முழுதாக அடைக்கவில்லை என்று நான் நினைத்தேன், நினைத்ததை உன் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன். நீ கோபிக்கவில்லை. எங்கிருந்தோ உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் வயல் வாயில் தண்ணீருக்குள் வைத்தாய். "நான் சொன்னா நீ நம்பமாட்டாய். பாசி சொல்லட்டும்" என்றாய்.

பிறகு குளத்து மதகு திறக்கும் துருசடிக்கு என்னைக் கூட்டிப்போனாய். குளத்துத் தண்ணீர் சீறி விழும் அந்தக் கொங்கிரீட்டில் மண்ணிறமாக ஒரு வழுக்கல் மட்டுமே இருந்தது. "பாயிற தண்ணி பாசியை உரிச்சுப்போடும். மெல்ல ஓடுற தண்ணிதான் சாப்பாடு ஊட்டி வளர்க்கும். மேல் வயல்களில இருந்து வாற யூரியா முழுக்க அதுக்குத்தானே" என்று விளக்கினாய். நான் காதில் வாங்கவில்லை. களவு செய்தவளுக்குத்தான் தடயத்தைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

மூன்று கிழமையில் அந்தத் துண்டு நிறையப் பாசி. தேங்கிய தண்ணீரில்தான் பாசி பிடிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். துண்டைப் பிடுங்கி, ஒரு பையில் போட்டு, வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மேசையில் கொட்டியபோது அது பிழிந்த கீரை மாதிரிச் சுருண்டு கிடந்தது. "என்ர முறையிலயும் தண்ணி ஓடாமல் தேங்கித்தான் நிண்டிருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று கேட்டேன். தலைவர் தலையாட்டினார். நீ ஒரேயொரு வசனம்தான் சொன்னாய்: "தண்ணிக்குள்ள வைச்சுப் பார்."

யாரோ சிரித்தார்கள். யாரும் வைத்துப் பார்க்கவில்லை. உன் முறையில் ஒரு நாளை வெட்டி எனக்குத் தந்தார்கள். உன் வயலின் மேட்டு மூலை வைக்கோல் நிறமாகக் காய்ந்தது. அன்றைக்கு எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது, அதை உன்னிடம் ஒளிக்கப்போவதில்லை. வாய்க்கால் பக்கத்தில் உனக்குத் தண்ணீர்க் கள்ளி என்று பெயர் நிலைத்துவிட்டது. அதன் பிறகும் என் நாட்களில் தண்ணீர் கூடவில்லை. அதற்கும் உன்னிலேயே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

நீ என்னோடு கதைப்பதை நிறுத்தினாய். அடுத்த சிறுபோகத்துக்கு முன்னமே, நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியில் போய்விட்டாய். செத்த வீட்டுக்கு வந்தேன். வாசல் படலையடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இந்த முறை கனகராயன்குளத்தில் இருந்து உன் தம்பி வந்து உன் வயலைச் செய்கிறான். அவனையும் நான் நம்பவில்லை. கிணற்றடியில் சவர்க்காரம் வைக்கக் கிடந்த அதே டைல்ஸ் துண்டை எடுத்துப்போய் அதே இடத்தில் வைத்தேன். மூன்று கிழமை கழித்துப் பார்த்தால், மேலே குமிழியோடு பாலாடை மாதிரி ஒரு பாசிப் படலம் மிதக்கிறது. விரலால் தொட்டால் விலகிப்போகிறது. துண்டில் ஒட்டியிருந்தது கொஞ்சப் பச்சைப் பூச்சு மட்டும். தம்பியின் நாட்களில் என் வாயில் தண்ணீர் அசையாமல் தேங்கித்தான் நிற்கிறது. என் கணக்குப்படி பாசி மண்டியிருக்க வேண்டும். அதே குளம், அதே வெயில், அதே யூரியா. உன் காலத்தில் மட்டும் ஏன் அப்படி வளர்ந்தது?

தம்பியிடம் போய் மடக்கினேன். "என்ன மாத்தினனி?"

"ஒண்டும் இல்லை அக்கா. அந்தப் பழைய பலகை ஓட்டை. எங்கட முறையிலயும் உங்கட பக்கம் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதுதான் புதுசு போட்டனான்."

பழைய பலகை கோழிக்கூட்டுக்கு அடைப்பாகக் கிடந்தது. இழுத்தெடுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. கறையான் அரித்திருக்கும் என்று நினைத்தேன். உன்னை நம்புவதைவிடக் கறையானை நம்புவது எனக்கு இலகுவாக இருந்தது. ஆனால் ஓட்டை பெரிதாகாமல் இருக்க, வெட்டின் ஓரத்தில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாலு சின்ன ஆணி. கறையான் ஆணி அடிக்காது.

கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து அழுதேன்.

உன் மூன்று நாளிலும் எனக்கு ஒரு ஒழுக்கு விட்டிருக்கிறாய். மெல்ல ஓடிய அந்தத் தண்ணீர்தான் பாசியை ஊட்டி வளர்த்திருக்கிறது. மேல் வயல்காரருக்குத் தெரிந்தால், உனக்குத் தண்ணீர் மிஞ்சுகிறது என்று முறையைக் குறைத்திருப்பார்கள். அதனால் கூட்டத்தில் வாய் திறக்க உனக்கு வழியில்லை. என்னிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று உன்மேல் கோபமாக இருக்கிறது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். இவள் ஏன் சும்மா தருகிறாள் என்று பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்.

பழைய பலகையைத் திரும்பப் போடச் சொன்னேன். "என்ன அக்கா திட்டம்?" என்று தம்பி சந்தேகமாகக் கேட்டான், உன் இரத்தம்தானே. மூன்று கிழமை பொறுத்தேன். இன்று காலை துண்டை வெளியே தூக்காமல், ஒரு பிளாஸ்ரிக் பேசினைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அப்படியே எடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மேசையில் வைத்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஓடிய தண்ணீர் வாரிவிட்ட தலைமயிர் மாதிரி, நீளம் நீளமாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தது. பக்கத்தில், கழற்றிக்கொண்டுபோன பலகையையும் வைத்தேன்.

"அவா களவெடுக்கேல்லை. எனக்குத் தந்தவா. நான்தான் பொய்ச்சாட்சி சொன்னனான்."

"ஆள் போனாப் பிறகு இதை ஏன் பிள்ளை இப்ப?" என்றார் தலைவர்.

"நீங்களும் அண்டைக்குத் தண்ணிக்குள்ள வைச்சுப் பாக்கேல்லைத்தானே" என்றேன். அவர் பேசினைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். அன்று வெட்டிய அந்த ஒரு நாளை உன் வயலுக்கே திருப்பி எழுதினார்கள்.

சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை, போகும் என்று நீயும் நம்பமாட்டாய். வரும்போது பலகையைத் திரும்ப வாய்க்காலில் இறக்கிவிட்டு ஆணிகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்று ஆடியது. தம்பி தான் அடிக்கிறேன் என்றான். அவனை நம்பாமல் சுத்தியலை வாங்கி நானே அடித்தேன்.