லேபிளுக்கு அடியில் ஒரு லேபிள்

அக்காவுக்கு,

போன்ல எழுதினா எங்கயாவது பதிவாகிடும். அதான் பேப்பர்.

அப்பா கால் புண் ஆறிடுச்சு. எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமி உங்க கம்பெனி ஜெல்லுக்கு அடங்கிடுச்சு, ரத்தமும் நின்னுடுச்சு. அந்த ஜெல்லைப் பத்தி வந்த வீடியோவையெல்லாம் மனப்பாடம் பண்ணவ நான். குதிச்சிருக்கணும். குதிக்க முடியல.

இது சோதனை மருந்து. பாதிப் பேருக்கு நிஜ ஜெல், மீதிப் பேருக்கு வெறும் ஜெல். யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. பாக்கெட்ல நம்பர் ஒட்டுறவங்களுக்குத்தான் தெரியும். அது நீ.

எதிர் படுக்கை பஸ் டிரைவருக்குத்தான் முதல்ல ஆறுச்சு. "உங்கப்பாவை முந்திட்டேன் பாத்தியா, வண்டி ஓட்டுறவன்னா சும்மாவா"ன்னு என்னைச் சீண்டுவாரு. நீ லீவு முடிஞ்சு வேலைக்கு வந்த வாரத்துலேர்ந்து அவருக்கு மறுபடி சீழ். அப்பாவுக்கு ஆற ஆரம்பிச்சுது. வியாழக்கிழமை டிரைவரோட காலை முழங்காலுக்குக் கீழ வெட்டி எடுக்கறாங்களாம். அந்தக் காலுக்கு அண்டக் கொடுக்க அப்பா தன்னோட தலையணையைக் கொடுத்திருக்காரு.

நேத்து அப்பாவோட காலி பாக்கெட்ல லேபிள் தடிமனா இருந்துச்சு. உரிச்சேன். அடியில இன்னொரு லேபிள், டிரைவர் படுக்கை அட்டையில இருக்கற அதே நம்பர்.

இதை இன்னும் யார்கிட்டயும் சொல்லல. காலைல குடிக்கிற காபியைக்கூட படம் பிடிச்சுப் போடுறவ, இதைப் படம் எடுக்கல. ரெண்டு லேபிளும் இந்தக் கவருக்குள்ளதான் இருக்கு. டாக்டர்கிட்ட நீயே கொண்டுபோய்க் கொடு.

வியாழனுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு.

உன்னைப் பத்தி ஊரெல்லாம் பீத்திக்கிட்ட
உன் தங்கச்சி