முதலில் வெடித்தது எது

லாங்இயர்பியன்,
புதன்கிழமை மதியம்.

அன்புள்ள ரன்வெய்குக்கு,

ஐவிண்ட் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நம் கம்பெனி யோஸ்டைன் கொண்டுவந்து தருவான். ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவன், வழியில் ட்ரம்சோவில் இறங்கி இதை உன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த விமானம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறான். கதவைத் திறந்ததும் அவன் முதுகுக்குப் பின்னால் என்னைத் தேடியிருப்பாய். நான் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைய விமானத்தில் நான் இல்லை. நாளை, நாளை மறுநாள் விமானத்திலும் இருக்க மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். திரையில் உன் முகத்தைப் பார்த்தால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், அது உனக்கே தெரியும்.

நீ போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. இந்தத் துருவத் தீவில் யாரும் பிள்ளை பெறக்கூடாது, மூன்று வாரம் முன்பே பெரிய ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது நல்ல ஏற்பாடுதான், நம் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டை விரலைத் தைக்கவே அரை நாள் ஆகிறது. அதெல்லாம் புரிகிறது. ஆனாலும் காலையில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டு இரண்டையும் நானே குடிக்கிறேன். வாசலில் உன் பனி பூட்ஸ் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தாண்டித்தான் போகிறேன், எடுத்து வைக்கவில்லை. பிரசவ அறையில் கணவன் என்ன செய்ய வேண்டும் என்று பதினான்கு வீடியோ பார்த்து முடித்துவிட்டேன். எந்தப் பக்கம் நிற்பது, முதுகில் எங்கே அழுத்துவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, எல்லாம் மனப்பாடம். கணவன் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் போடவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை போனில் நீ கேட்டாய்: “அங்க ஒரு பனிக்கரடிய சுட்டுட்டாங்களாமே, யாருன்னு தெரியுமா?” நான், “தெரியல, வேற கம்பெனி ஆளா இருக்கும்” என்றேன். நான்தான் ரன்வெய்க். சுட்டது நான். நமக்குக் கல்யாணமாகி நான் உன்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான். கிறிஸ்துமஸுக்கு உன் அம்மா செய்த மீனைப் பற்றிச் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதே.

நடந்தது இது. நான்கு பேரைப் பனி ஸ்கூட்டரில் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். டென்மார்க்கிலிருந்து வந்த ரிட்டையரான வாத்தியார், அவர் மனைவி, இரண்டு ஜெர்மன்காரர்கள். மதியம் சாப்பாட்டுப் பொட்டலங்களில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கற்குவியலுக்குப் பின்னாலிருந்து அது வந்தது, இன்னும் முழுதாக வளராத சின்னக் கரடி. ஓடவில்லை. கடைக்குள் நுழைகிற ஆள் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்து வந்தது. எல்லாரையும் ஸ்கூட்டர் பக்கம் போகச் சொன்னேன். வாத்தியார் மனைவி மட்டும் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும். முதலில் வெடித் துப்பாக்கி. கரடிக்கும் நமக்கும் நடுவில் தரையில் விழுகிற மாதிரி ஒரு வெடி. பத்துக்கு ஒன்பது கரடி அந்தச் சத்தத்துக்கும் நெருப்புக்கும் திரும்பிப் போய்விடும். போகாவிட்டால்தான் ரைஃபிள். வெடித் துப்பாக்கி எப்போதும் மார்புப் பையில் இருக்க வேண்டும். நாம் சேர்ந்து வேலை பார்த்த இரண்டு வருஷமும் நீ தினமும் காலையில் என் மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவாய்.

அன்று அது என் மார்புப் பையில் இல்லை. ஸ்கூட்டரிலிருந்து கழற்றி விட்டிருந்த ஸ்லெட் என்ற சறுக்கு வண்டியின் பெட்டிக்குள் இருந்தது. மார்புப் பையில் போன் இருந்தது. குளிரில் வெளியே வைத்தால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது, அதனால் உடம்பு சூட்டில் வைத்திருந்தேன். நீ கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே. நீ போன நாளிலிருந்தே அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு, என்னால்தானே என்று நீ நினைப்பாய். நினைக்காதே. நீ அங்கே வைக்கச் சொல்லவில்லை. என் பை, என் புத்தி.

பெட்டி கரடி வருகிற பக்கம் பத்தடி தள்ளி இருந்தது. போக முடியவில்லை. நாற்பது மீட்டர் இருக்கும்போது சுட்டேன். இரண்டு தடவை. விழுந்துவிட்டது. பின்னாலேயே இன்னொன்று வருமோ என்ற பயத்தில் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, அதற்கப்புறம் வானத்தைப் பார்த்து ஒரு வெடி விட்டேன். மொத்தம் மூன்று சத்தம்.

கரடியைச் சுட்டால் விசாரணை உண்டே, ஆளுநர் அலுவலகத்திலிருந்து ஹெலிகாப்டரில் வந்தார்கள். விசாரணை அதிகாரி பெயர் ஹல்டிஸ். நிதானமான பெண்மணி, ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார், சளி. ரைஃபிளை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார், முதலில் வெடித்தது எது என்று. நான்கு பேரும் வெடித் துப்பாக்கிதான் என்றார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். அதற்கு முந்தைய நாள் பாதுகாப்பு வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த வரிசை அவர்கள் மண்டையில் அப்படியே பதிந்திருக்கிறது. வாத்தியார் மனைவி, “தம்பி மொதல்ல வெடி விட்டாரு, அது கேக்கல, அப்புறந்தான் சுட்டாரு, என் கண்ணால பாத்தேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலி வெடிக்கூடு ஒன்றும் பனியில் கிடந்தது. ஹல்டிஸ் என்னைப் பார்த்தார். நான் குனிந்து தண்ணீர்க் குடுவையை மூடிக்கொண்டிருந்தேன். மூடி ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

கம்பெனியில் தூருன் மறுநாள் கூப்பிட்டாள். முதலாளியம்மா முகம் உனக்குத் தெரியுமே, நல்ல செய்தியையும் பல்வலி மாதிரிதான் சொல்வாள். மேஜைமேல் ஒரு தாள். நான் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டது. கம்பெனி ரைஃபிள் தோளுக்குப் பொருந்தவில்லை, சொந்த ரைஃபிளையே கொண்டுவருகிறேன் என்று பெரிய வீரன் மாதிரி சொன்னேனே, அந்தத் தாள். சொந்தத் துப்பாக்கியால் வேலை நேரத்தில் என்ன நடந்தாலும் பொறுப்பு கொண்டுவந்தவருடையது என்று இருக்கிறது. தூருன் சொன்னாள்: “பாரு ஐவிண்ட், வெடி மொதல்லன்னா அது தற்காப்பு. கேசு முடிஞ்சிது, நீ புதன்கெழம பிளேன்ல போ. வெடி விடாம சுட்டேன்னா அது உன் துப்பாக்கி, உன் தலை. கம்பெனி அந்தப் பக்கமே வராது. நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லாத.” ஒஸ்லோவிலிருந்து காப்பீட்டு வக்கீலும் போனில் இதையே இன்னும் மரியாதையான வார்த்தைகளில் சொன்னார். அந்த நான்கு பேர் சொன்னபடியே எழுதியிருந்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். உன்மேல் ஆணை. சனிக்கிழமை தேதி சொல்லியிருக்கிறார்கள், நான் புதன் சாயங்காலம் உன் பக்கத்தில் இருப்பேன், கரடி போனது போனதுதான், நான் உண்மை சொன்னால் எழுந்தா வரப்போகிறது என்று எனக்கு நானே வாதாடினேன். ஊர் ஃபேஸ்புக் குழுவில் யாரோ செத்த கரடியின் படம் போட்டு நானூறு பேர் கமெண்ட் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு நான் கொலைகாரன், மீதிப் பேருக்கு வீரன். எல்லாவற்றையும் படித்தேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக் கொட்டகையில் எல்லாரும் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது யோஸ்டைன் தன் வெடித் துப்பாக்கியைத் தூக்கி ஸ்லெட் பெட்டிக்குள் போட்டான். நான் என்னடா என்றேன். “நீதான் பாத்தியே, இந்தச் சனியன் வேலைக்கே ஆகல. சின்னக் கரடிக்குப் பயம் கெடையாதாம், தூருன் புது வகுப்புல இதச் சேக்கப்போறாளாம். இனி நேரா ரைஃபிள்தான்” என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். அவர்களும் தங்களுடையதைப் பெட்டிக்குள் போட்டார்கள்.

யோசித்துப் பார் ரன்வெய்க். வேலை செய்கிற ஒரு பொருளை வேலைக்கு ஆகாது என்று ஊரே நம்பப்போகிறது, என் ஒரு கையெழுத்தால். அடுத்த வருஷம் எவனோ ஒருவன், திரும்பிப் போயிருக்கக்கூடிய ஒரு கரடியை, வெடிக்குப் பயப்படாது என்று அலுவலகத் தாளில் எழுதியிருப்பதால் சுடுவான். அவன் தப்புச் செய்தோம் என்றுகூட நினைக்க மாட்டான்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அதையும் மறைக்கவில்லை. இன்று காலை துணிப் பெட்டியோடு, டிக்கெட்டோடு, நேராக விமான நிலையம் போகிற மாதிரி உடுத்திக்கொண்டுதான் ஆளுநர் அலுவலகத்துக்குப் போனேன். இன்று அரை நாள்தான், எல்லாரும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். ஹல்டிஸ் வாக்குமூலத்தை என் பக்கம் தள்ளினார். “மொதல்ல வெடிச்சது ரைஃபிள். வெடி கடைசில. அது பொட்டிக்குள்ள இருந்துச்சு” என்றேன். அவர் மூக்கைச் சிந்தினார். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “ஏன் பொட்டிக்குள்ள?” என்று கேட்டார். சொன்னேன். “கொழந்த எப்ப?” என்றார். சனிக்கிழமை என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இப்போது இது வேறு கேசு. சம்பவ இடத்துக்கே கூட்டிப்போய் யார் எங்கே நின்றது, பெட்டி எங்கே இருந்தது என்று அளக்க வேண்டுமாம், அதற்கு நான் இருக்க வேண்டுமாம். நாளையிலிருந்து திங்கள் வரை ஈஸ்டர், அலுவலகமும் கிடையாது, ஹெலிகாப்டரும் இதற்கெல்லாம் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலைதான். “ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்து சொல்லியிருந்தா நேத்தே முடிச்சிருப்பேனே தம்பி” என்றார். நான் தள்ளிப்போட்ட அந்த இரண்டு நாள்.

அபராதம் வரும். இந்தப் பருவத்துக்கு வழிகாட்டி வேலை போய்விட்டது, தூருன் செய்தி அனுப்பிவிட்டாள், ஒரே வரி. ரைஃபிள் திரும்பி வருமா தெரியாது, வராவிட்டாலும் பரவாயில்லை. யோஸ்டைனிடம் சொன்னபோது, “டேய், உனக்குக் கிறுக்கா? ஒரு கையெழுத்துடா, பொண்டாட்டி கிட்ட இருந்திருப்ப” என்றான். கிளம்பும்போது அவனே கொட்டகைக்குள் போய் அவனுடைய வெடித் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தான். அவனுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்து அனுப்பு, காலையிலிருந்து என்னோடு அலைந்துகொண்டிருக்கிறான்.

நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் முன்பே கேட்டிருக்க வேண்டும். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள். என் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டும்போல் இருந்தால் நன்றாக உரக்கத் திட்டு, அந்த அறையில் என் பெயராவது இருக்கட்டும். உள்ளே இருக்கிற ஆளிடம் அடுத்த புதன்கிழமை வரை பொறுக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுப்பார். முடியாது என்றால் வற்புறுத்தாதே, நல்லபடியாக வந்து சேரட்டும். வந்ததும் நான் எங்கே, ஏன் என்ற கதையெல்லாம் வேண்டாம், அதை நானே ஒருநாள் சொல்லிக்கொள்கிறேன். காதோரம் ஒரே ஒரு வார்த்தை சொல் போதும். அப்பா வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்.

உன்,
ஐவிண்ட்