பொங்கலூர் பேங்கில் ஒரு கார் லோன்

ஜூன் 8, 2025, ஞாயிறு

கார் இன்று பல்லடம் ரோட்டில் நின்றுவிட்டது. இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. காருக்கு வயது பதினாறு. போதாதற்கு, இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது. முன்னால் பைக்கில் போனவர் என்னை முறைத்தார். நானா அடித்தேன்?

என் வீட்டுக்காரர் தள்ள, நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, ஒரு வழியாக வீடு வந்தோம். "புதுசு ஒண்ணு எடுத்துறலாம் வினிதா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஜூன் 14, சனி

ஷோரூமுக்குப் போனோம். சிவப்புக் கார். இவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அல்லவா, உட்கார்ந்ததும் சீட் உறையைத் தடவிப் பார்த்து, "துணி நல்ல கனமுங்க" என்று சேல்ஸ்மேனுக்கே சான்றிதழ் கொடுத்தார்.

மாதம் பதினான்காயிரம், ஏழு வருடம். இவருக்கு ஓவர்டைம் இருந்தால் கட்டிவிடலாம்.

இருந்தால்.

ஜூன் 15, ஞாயிறு

பொங்கலூர் போய் அத்தையிடம் சொன்னோம். இவருடைய அம்மா. வள்ளியாத்தாள் என்றால் அந்தப் பக்கம் காய்கறிக்காரர் தராசை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் நிறுப்பார்.

"வாங்கறதுக்கு முன்னாடி, வாங்குனாப்பலயே நாலு மாசம் கட்டிப் பாருங்க. எங்கிட்டக் கட்டுங்க. அஞ்சாந்தேதி, மத்தியானம் பன்னெண்டுக்குள்ள."

"கட்டலீன்னா என்னுங்க பண்ணுவீங்க?" என்றேன்.

"பேங்குக்காரன் என்ன பண்ணுவான்? வண்டியத் தூக்குவான்."

நாங்கள் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

ஜூலை 5, சனி

முதல் தவணையைக் கட்டியாச்சு. இல்லாத காருக்கு!

ஜூலை 20, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டன் போன வாரம் கோழியாக மாறியது. இந்த வாரம் முட்டை. இவர் குழம்பில் கரண்டியை விட்டு வெகுநேரம் எதையோ தேடினார். "காரு உள்ள இல்லீங்க" என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. பிறகு அவரே சிரித்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பன்னிரண்டு பத்துக்கு அனுப்பினேன். உடனே போன்.

"பத்து நிமிசம் தாமசம். லேட்டு பீஸு நூறு ரூவா."

"நெட்டு கெடைக்கலீங்க அத்தை."

"எல்லாரும் அதயேதான் சொல்லுவாங்க கண்ணு."

நூறு ரூபாய் அனுப்பினேன். வேறென்ன செய்ய?

ஆகஸ்ட் 29, வெள்ளி

அமெரிக்க ஆர்டர் நின்றுவிட்டது. எங்கள் அருள்புரம் கம்பெனியில் இரண்டு தையல் லைனை மூடிவிட்டார்கள். நான் சூப்பர்வைசராக இருக்கும் செக்கிங் பகுதியில் பாதி மேஜை காலி. இவருக்கு ஓவர்டைம் கிடையாது, எப்போது வரும் என்றும் தெரியாது.

வரும் வழியில் இருவரும் பேசவில்லை. இடது பக்கம் திரும்பியபோது கார்தான் பேசியது.

செப்டம்பர் 5, வெள்ளி

கட்டவில்லை. இவர் போனை அணைத்து வைத்துவிட்டார். பெற்ற அம்மாவுக்குப் பயந்து!

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு அத்தை வந்து இறங்கினார். கூடவே அவருடைய பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி அண்ணன் — பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க அத்தை, காப்பி போடட்டுங்களா?"

"சாவி எங்க கண்ணு?"

இவர் ஓடி வந்தார். "அம்மா, வெளையாட்டுக்குத்தான சொன்னீங்க?"

"நா எப்பச் சாமி வெளையாண்டிருக்கேன்?"

மயில்சாமி அண்ணன் என்னைப் பார்க்காமலே, "தப்பா நெனைக்காதீங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அத்தை முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு ஜெயசுதா வாசலுக்கே வந்து பார்த்தாள். எங்கே போகுது என்று கேட்டாள். சர்வீஸுக்கு என்று பொய் சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

என்ன அநியாயம் இது! எங்க காரு, எங்க காசுல வாங்குனது. அத இவங்க எப்படித் தூக்கீட்டுப் போலாம்? இரவல் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன்.

சாயங்காலம் இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கேட்டார்: "நெசமாவே வாங்கியிருந்தா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது மாதம்தான். இன்னும் எண்பத்தோரு மாதம் இருந்திருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பஸ்ஸில் பொங்கலூர். சண்டை போடத்தான் போனேன். அத்தை சோற்றைப் போட்டுவிட்டு, மஞ்சள் பையை இவர் பக்கம் தள்ளினார். உள்ளே இருபத்தெட்டாயிரம்.

"ஓவர்டைம் வர்ற வரைக்கும் வெச்சுச் சாப்புடுங்க."

"நூறு ரூவா கொறையுதுங்களே" என்றேன்.

"அது லேட்டு பீஸு."

சிரித்துவிட்டேன். சண்டை எங்கே போனதோ. பிறகு அத்தை, ரசத்தை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "எங்க தறியத் தூக்கீட்டுப் போன அன்னைக்கு ஊரே நின்னு பாத்துது. உங்க மாமா அதுக்கப்பறம் ஒரு வருசம் கடைவீதிப் பக்கமே போகல. உங்குளுக்கு அதெல்லாம் வேண்டாம்."

தறி கடனில் போனது இவருக்கே தெரியாதாம். விற்றுவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். "வேண்டாம் வினிதா. புதுக் காரு வேண்டாம்" என்றார்.

சாவியை அத்தை நீட்டினார். "இங்கயே இருக்கட்டுங்க அம்மா, பெட்ரோல் செலவாச்சும் மிஞ்சும், பொறவு வந்து எடுத்துக்கறோம்" என்று இவர் சொல்ல, திண்ணையில் உட்கார்ந்திருந்த மயில்சாமி அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கம்பெனி வேன் பழகிவிட்டது. ஓவர்டைம் இன்னும் இல்லை. மஞ்சள் பையில் பணம் பாதி இருக்கிறது. இன்று கோழி.

நவம்பர் 2, ஞாயிறு

ஊத்துக்குளியில் கல்யாணம். பட்டுச்சேலையோடு பஸ்ஸா என்று, நேற்று அத்தைக்குப் போன் போட்டுக் காரைக் கேட்டேன்.

"நாளைக்கா? இல்லியே கண்ணு. நாங்க அஞ்சு பொம்பளைங்க சிவன்மலைக் கோயிலுக்குப் போறோம். மயில்சாமி கிட்டச் சொல்லியாச்சு. இனிமே வேணும்னா ஒரு வாரம் முன்னாடியே சொல்லீரு."

ரயிலில் போனோம். மண்டப வாசலில் பெண்ணின் அப்பா கேட்டார்: "கார்ல வந்தீங்களா மாப்ள?"

"காரு கோயிலுக்குப் போயிருக்குதுங்க" என்றார் இவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.